ஸ்கேனில் இரண்டாம் ஸ்டேஜ், அறுவைக்குப் பிறகு நான்காம் ஸ்டேஜ்: யார் சொன்னது சரி?

கேள்வி, பிப்ரவரி 3

அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். அறுவைக்கு முன் எம்ஆர்ஐ எடுத்து, கழுத்தைத் தடவிப் பார்த்து, டி2 என்0, இரண்டாம் ஸ்டேஜ் என்று எழுதினார்கள். அறுவை முடிந்து வந்த ரிப்போர்ட்டில் பிடி3 பிஎன்2பி என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் அது நான்காம் ஸ்டேஜாம். மூன்று வாரத்தில் இரண்டு நான்காகுமா? முதலில் பார்த்தவர்கள் கோட்டை விட்டார்களா? இத்தனை கருவி இருந்தும் ஸ்டேஜையே சரியாகச் சொல்ல முடியாவிட்டால் எதைத்தான் நம்புவது?

பிப்ரவரி 3, இரவு

பேத்தாலஜி லேபில் ரொம்ப வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான், டாக்டர் இல்லை. சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டி என்பது கட்டி எவ்வளவு பெரிது, என் என்பது கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்பது. இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலாவது கையால் தடவி, கண்ணால் பார்த்து, ஸ்கேன் எடுத்துச் சொன்னது. அதற்கு முன்னால் ‘சி’ போட வேண்டும், பல பேர் போடாமலே விட்டுவிடுவார்கள். இரண்டாவது, வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சொன்னது. ‘பி’ அதற்குத்தான். பின்னால் வந்தது முன்னால் வந்ததை ரத்து செய்வதில்லை. எந்தச் சிகிச்சையில் ஆரம்பிப்பது என்பதை முதலாவதை வைத்து முடிவு செய்வார்கள். அறுவைக்கு மேல் இன்னும் என்ன தேவை என்பதை இரண்டாவதை வைத்து முடிவு செய்வார்கள். மூன்று வாரத்தில் நோய் இரண்டு படி ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கே அங்கே இருந்திருக்கும், வெளியிலிருந்து பிடிபடவில்லை.

இன்னொன்று. டி2வா டி3யா என்று சந்தேகம் வந்தால் குறைவானதையே எழுது என்பது டிஎன்எம் (கட்டி, கணு, தூரப் பரவல்) முறையின் பழைய விதி. அதனால் அறுவைக்கு முந்தைய ஸ்டேஜ் கொஞ்சம் கீழ்ப்பக்கம் சாய்ந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

நான்கு என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கிவிட்டீர்கள். வாய்ப் புற்றில் அது 4ஏ, 4பி, 4சி என மூன்றாகப் பிரியும். நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் பரவியது 4சி மட்டும். அப்பாவுடையது 4ஏ. அதாவது கழுத்தின் ஒரே பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட நிணநீர்க் கணுக்கள், எதுவும் 6 செ.மீ.க்கு மேல் இல்லை. குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை தரும் ஸ்டேஜ்தான் இது.

ரிப்போர்ட்டில் கட்டியின் நீளம், ஆழம் இரண்டும் இருக்கும். எழுதுங்கள்.

பிப்ரவரி 4

நீளம் 3.2 செ.மீ., ஆழம் 12 மி.மீ. சரி, டி3 ஆனது அந்த 12ஆல்தான்.

ஸ்டேஜ் விதிகளைத் தொகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏஜேசிசியின் கையேட்டில் எட்டாம் பதிப்பு அமெரிக்காவில் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாக்குக் கட்டி டி1லிருந்து டி3 வரை எதில் சேரும் என்பதை மேற்பரப்பில் எவ்வளவு அகலம் என்று பார்த்துத்தான் சொல்வார்கள். 3.2 என்றால் டி2, பேச்சு முடிந்தது. எட்டாம் பதிப்பில் ஆழமும் சேர்ந்துகொண்டது. 5 மி.மீ. ஒரு கோடு, 10 மி.மீ. இன்னொரு கோடு. 2 முதல் 4 செ.மீ. அகலமுள்ள கட்டி 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் டி3. அப்பாவின் இதே கட்டி 2015இல் வந்திருந்தால் டி2 என்றே போயிருக்கும்.

இந்த ஆழத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கட்டியின் தடிமனும் ஆழமும் வேறு வேறு. கட்டிக்குப் பக்கத்திலிருக்கும் நல்ல தோலின் அடிச்சவ்வு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அந்த மட்டத்தில் கட்டியின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். அதிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் நேர் கீழே, புற்றுச் செல் கடைசியாகத் தெரியும் இடம் வரை அளக்க வேண்டும். பூப்போல் மேலே வளர்ந்த கட்டி 12 மி.மீ. தடிமன் இருக்கும், ஆழமாக இறங்கியது 6தான் இருக்கும். புண்ணாகிக் குழி விழுந்த கட்டியில் மிச்சமிருக்கும் தடிமன் 7, ஆழம் 11 என்று வரும். தடிமனையே ஆழம் என்று எழுதிவிட்டால் முதல் ஆளுக்கு வீணாக ஒரு படி ஏறும், இரண்டாவது ஆளுக்குத் தேவையான ஒரு படி விட்டுப்போகும்.

எம்ஆர்ஐயிலும் ஆழத்தைப் பார்க்கலாம். ஆனால் படம் எடுக்கும்போது நோயாளி எச்சில் விழுங்குவார், நாக்கு ஆடும். பயாப்ஸி எடுத்த இடம் வீங்கியிருந்தால் வீக்கமும் கட்டியோடு சேர்ந்து தெரியும். பொதுவாக எம்ஆர்ஐ ஆழத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். வெட்டிய நாக்கோ சுருங்கும், ஃபார்மலினில் போட்டால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு எம்ஆர்ஐயில் அதிகமாகவும் பேத்தாலஜியில் குறைவாகவும் வந்திருக்க வேண்டும். தலைகீழாக வந்திருக்கிறது. முதல் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஆழம் என்று எங்காவது எண் இருக்கிறதா, பாருங்கள்.

பிப்ரவரி 5

பெட் சிடி (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன்) எடுத்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும் என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்கிறார். கணுவுக்குள் இருந்த பெரிய புற்றுப் படிவே 4 மி.மீ.தான் என்று கேள்வி கேட்டவர் பிறகு எழுதியிருக்கிறார். 5 மி.மீ.க்குக் கீழே உள்ளதை பெட் பெரும்பாலும் தவறவிடும். உள்ளே அழுகி நீர் கட்டிய கணுவும் மங்கலாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: சொத்தைப் பல், டான்சில், போன வாரம் பயாப்ஸி எடுத்த இடம், எல்லாம் பளிச்சென்று எரியும். பெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்தில் பரவியிருக்கிறதா, கழுத்துக் கணுவில் புற்று இருக்கிறது ஆனால் மூலம் எங்கே என்று தெரியவில்லை, கதிரும் கீமோவும் முடிந்த பிறகு கழுத்தில் மிச்சம் இருக்கிறதா, இதற்கெல்லாம் அது கெட்டிக்காரக் கருவி.

பிப்ரவரி 6

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஆழம் எழுதவே இல்லையா. நினைத்தேன். ‘3 செ.மீ. புண், நடுக்கோட்டைத் தாண்டவில்லை’ என்பதோடு முடித்திருக்கிறார்கள். கேள்வித்தாளில் பாதியைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். விடை தப்பு என்று சொல்லவும் முடியாது.

கழுத்துக்கு வருகிறேன். விரலால் தடவும்போது சின்னக் கணு தட்டுப்படாது. கழுத்து தடித்தவர்களுக்கு ஓரளவு பெரியதும் தட்டுப்படாது. தொண்டைக்குப் பின்னால் இருக்கும் கணுக்களை யார் தடவியும் பயனில்லை. சிடியில் பொதுவாக, குறுக்களவு 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம் என்பார்கள். 6 மி.மீ. கணுவுக்குள் புற்று இருக்கலாம். பல் சீழ் பிடித்ததால் 14 மி.மீ.க்கு வீங்கிய கணுவில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே ஊசி போட்டுச் செல் எடுத்தால் நம்பகம் கூடும், ஊசி சரியான இடத்தில் பட்டால்.

இதெல்லாம் உங்கள் டாக்டர்களுக்குத் தெரியும். என்0 என்று எழுதியவர்களே கழுத்தையும் திறந்து கணுக்களை எடுத்தார்களே, ஏன் என்று யோசித்தீர்களா? அந்த பூஜ்யத்தை அவர்களே முழுக்க நம்பவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை என்று எழுதப்பட்ட வாய்ப் புற்று நோயாளிகளில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு உள்ளே ஒளிந்திருக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதை நேராகவே சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஆரம்பநிலை வாய்ப் புற்று, கழுத்தில் எதுவும் தென்படாதவர்கள். ஒரு பாதிப் பேருக்கு அப்போதே கழுத்துக் கணுக்களை எடுத்தார்கள், மறு பாதிக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மூன்று வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பக்கம் 80 சதவீதம், மறு பக்கம் 67.5. ‘கோட்டை விட்டார்களா’ என்று கேட்டீர்கள். கணு விஷயத்தில் இல்லை. ஸ்கேன் தவறவிடக்கூடும் என்று கணக்குப் போட்டுத்தான் கத்தியை எடுத்திருக்கிறார்கள். ஆழம் எழுதாதது வேறு, அதற்கு நீங்கள் கோபப்படலாம்.

பிப்ரவரி 6, கொஞ்சம் கழித்து

லேப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘பி’ என்றாலே பிழையில்லாதது என்று ஆகிவிடும்.

கழுத்திலிருந்து எடுத்தது கணு கணுவாக வராது. மஞ்சள் கொழுப்பு ஒரு துண்டாக வரும். அதற்குள் கணுக்கள் புதைந்திருக்கும். மெல்லிசாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நசுக்கிப் பார்க்க வேண்டும். கொழுப்பு நழுவிப் போகும், கணு கொஞ்சம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். 3 மி.மீ. கணுவெல்லாம் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. காலையில் புதிதாக உட்கார்ந்தவன் தேடுவதும், மாலை வேலை முடியும் நேரத்தில் தேடுவதும் ஒன்றாக இருக்காது என்பதை அந்த மேசையில் நின்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் எடுத்த கழுத்து அறுவையில் வழக்கமாக 10 கணுக்களாவது, முழுக்க எடுத்ததில் 15ஆவது கிடைக்க வேண்டும் என்று எட்டாம் பதிப்பு எதிர்பார்க்கிறது. ‘4 கணுக்கள் பார்க்கப்பட்டன, அனைத்திலும் இல்லை’ என்று வந்த பூஜ்யமும், ‘32 கணுக்கள், அனைத்திலும் இல்லை’ என்று வந்த பூஜ்யமும் ஒரே எடையா?

கிடைத்த கணுவையும் நடுவில் பிளந்து ஒரு மெல்லிய சீவல்தான் பார்ப்போம். படிவு ஓரத்தில் இருந்தால் அந்தச் சீவலில் வராது. புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய கணுவை மட்டும் தேடி எடுக்கும் சென்டினல் முறையில் ஒரே கணுவைப் பல மட்டங்களில் சீவி, சாயமும் போட்டுப் பார்ப்பதால் அங்கே கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள். எல்லாக் கணுவுக்கும் அப்படிச் செய்தால் எந்த லேபும் தாங்காது.

பிப்ரவரி 7

ஊசி குத்தினால் புற்று பரவும் என்று எழுதியவருக்கு: கணுவில் மெல்லிய ஊசி போட்டுச் செல் எடுப்பது உலகம் முழுக்க வழக்கமான சோதனை, அந்தப் பயத்தை விடலாம். மூலம் எங்கே என்று தேடாமல் கழுத்துக் கணுவை முதலிலேயே வெட்டி எடுக்காதே என்பது தனி எச்சரிக்கை. அது நியாயமானது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 9

நாக்கை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்குகிறேன், சொந்தக் கதை.

என் அண்ணனுக்குக் குரல்வளையில் வந்தது. முதல் சிடி ரிப்போர்ட்டில் ‘தைராய்டு குருத்தெலும்பில் ஊடுருவல் இருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், குரலே இருக்கிறது. குருத்தெலும்பின் உள்பக்கத்தை மட்டும் அரித்திருந்தால் டி3, கதிரும் கீமோவும் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்றப் பார்க்கலாம். வெளிப்பக்கத்தையும் துளைத்திருந்தால் டி4ஏ, பெரும்பாலும் குரல்வளையையே எடுத்துவிடச் சொல்வார்கள். அப்புறம் மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான்.

சிக்கல் என்னவென்றால், வயதாக ஆக அந்தக் குருத்தெலும்பு அங்கங்கே எலும்பாக மாறும், சீராக மாறாது. மாறாத இடம் சிடியில் அரித்ததுபோலவே தெரியும். கட்டிக்குப் பக்கத்தில் இறுகி வெள்ளையாகத் தெரிந்தால் அது ஊடுருவலாகவும் இருக்கலாம், வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். எம்ஆர்ஐக்குக் கண் கூர்மை, ஆனால் அழற்சியையும் புற்று என்று சொல்லிவிடும்.

குரல்நாண் கதையும் இதேதான். ஒரு டாக்டர் ஸ்கோப்பில் பார்த்து ‘அசைவு குறைவு’ என்றார், அது டி2. இன்னொருவர் ‘அசையவே இல்லை’ என்றார், அது டி3. நோயாளி அதே ஆள், தொண்டை அதே தொண்டை. அண்ணன் இடையில் கேட்டார்: “நான் வேணும்னா இன்னொரு தரம் ‘ஈ’ சொல்லவா?”

கடைசியில், பல துறை டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டில் வைத்தார்கள். தலை, கழுத்துப் படங்களையே பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவர் மெல்லிய துண்டுகளாகத் திரும்பப் பார்த்து, வெளி ஓடு முழுசாக இருக்கிறது என்றார். டி3 என்று முடிவாகி, கதிரும் கீமோவும் கொடுத்தார்கள். இப்போது குரல் கரகரப்புதான், ஆனால் போனில் என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிறது.

பிப்ரவரி 11

‘எனக்கு டான்சிலில் புற்று, கழுத்தில் மூன்று கணு, முதல் ஸ்டேஜ் என்கிறார்கள். இவர் அப்பாவுக்கு இரண்டு கணு, நான்காம் ஸ்டேஜ். என்ன நியாயம்?’ என்று ஒருவர். நல்ல கேள்வி.

உங்களுடையது எச்பிவி வைரஸால் வந்ததாக இருக்க வேண்டும், ரிப்போர்ட்டில் பி16 (ஒரு புரதம்) பாசிட்டிவ் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஏழாம் பதிப்பில் உங்களையும் 4ஏவில்தான் தள்ளியிருப்பார்கள். அந்த 4ஏ பேரில் பெரும்பாலோர் நன்றாக இருந்ததால் எட்டாம் பதிப்பில் தனி அட்டவணையே போட்டார்கள். ஒரே பக்கம், 6 செ.மீ.க்குள் எத்தனை கணு இருந்தாலும் அறுவைக்கு முந்தைய கணக்கில் என்1தான். தூரத்தில் பரவினால் மட்டுமே நான்கு.

ஆனால் பி16 என்பது வைரஸின் நிழல், வைரஸ் இல்லை. செல்களில் 70 சதவீதமாவது நன்றாகச் சாயம் ஏறினால் பாசிட்டிவ். பி16 பாசிட்டிவ் என்று வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் வைரஸையே தேடினால் கிடைப்பதில்லை, அவர்களுக்கு அந்த நல்ல பலனும் அவ்வளவாக இருப்பதில்லை. புகை பிடிப்பவராக இருந்தால் டாக்டரிடம் எச்பிவியை நேராகச் சோதிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டேஜ் குறைந்ததால் சிகிச்சையையும் குறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பிப்ரவரி 12

அண்ணன் கதையை எழுதிய பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது டி3தான் என்று எப்படித் தெரியும்? குரல்வளையை யாரும் எடுக்கவில்லை, எந்த லேபிலும் சீவிப் பார்க்கவில்லை. கதிர் கேட்டது, கட்டி கரைந்தது, அவ்வளவுதான். டி4ஏவாக இருந்தும் கரைந்திருக்கலாம்.

யோசித்தால் இது அவர் ஒருவர் கதை இல்லை. ‘சிடி இத்தனை சதவீதம் சரி’ என்று வரும் எண்கள் எல்லாம் அறுவை செய்தவர்களிடமிருந்து வருபவை. வெட்டினால்தானே ஒப்பிட முடியும்? கதிரும் கீமோவும் எடுத்தவர்களின் ஸ்டேஜ் கடைசிவரை திருத்தப்படாத விடைத்தாளாகவே இருந்துவிடுகிறது. குரல்வளையை எடுக்கச் சொன்னவர்கள் ஏற்கெனவே மோசமான படம் உள்ளவர்கள். அவர்களிடம் கிடைத்த எண்ணை லேசான படம் உள்ளவருக்குப் பொருத்துவது சரியா? எனக்கு இதற்கு விடை கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவர் அப்பாவின் ஸ்டேஜ் மாறிவிட்டதே என்று வருந்துகிறார். மாறியது தெரிந்த ஆள் அவர், பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

பிப்ரவரி 15

இணையத்தில் 4ஏவில் ஐந்து வருடம் பிழைப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணைப் பார்த்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எந்தப் பதிப்புக் காலத்தது என்று பாருங்கள்.

ஏழாம் பதிப்பில் கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்ததும் வராததும் ஒரே என்2வில் கிடந்தன. எட்டாம் பதிப்பில் உறை கிழிந்தவர்களில் பெரும்பாலோரை என்3பிக்கு, அதாவது 4பிக்கு மாற்றினார்கள். ஆகவே பழைய 4ஏ கூட்டத்தில் நோய் கடுமையான ஆட்களும் கலந்திருந்தார்கள், இப்போதைய 4ஏவில் அவர்கள் இல்லை. பழைய எண்ணை எடுத்து அப்பாவுக்குப் போட்டால் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

ஒரு வகுப்பில் மோசமானவர்களாகவும் அடுத்த வகுப்போடு ஒப்பிட்டால் பரவாயில்லாதவர்களாகவும் இருக்கும் ஆட்களை இப்படி அடுத்த வகுப்புக்கு மாற்றினாலே இரண்டு வகுப்பின் சராசரியும் உயரும். சிகிச்சை ஒரு துளிகூட முன்னேறாமல் உயரும். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவர் 1985இல் இதற்கு அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸின் பெயரை வைத்தார். ஒரு மாநிலத்து ஆட்கள் கிளம்பி இன்னொரு மாநிலத்துக்குப் போனதும் இரண்டு இடத்திலும் சராசரி அறிவு கூடிவிட்டது என்று ரோஜர்ஸ் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். பெட் வந்த பிறகு எல்லா ஸ்டேஜிலும் பலன் கூடியிருக்கிறது என்று யாராவது வரைபடம் காட்டினால் எனக்கு முதலில் இந்த ஆள்தான் ஞாபகம் வருவார்.

பிப்ரவரி 16

உறை கிழிந்ததா என்று அப்பா ரிப்போர்ட்டில் பார்க்கச் சொல்லி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் விடை எழுத்திலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கணுவில் புற்று இருந்து, ஒன்றிலாவது உறை கிழிந்திருந்தால் பிஎன்3பி என்று போயிருக்கும். பிஎன்2பி என்று எழுதியிருப்பதால் கிழியவில்லை என்று அர்த்தம்.

இது ஏன் முக்கியம் என்றால், 2004இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, கதிரோடு கீமோவையும் சேர்ப்பதற்கு வலுவான காரணங்களாக இரண்டைத்தான் சொல்கிறார்கள்: கணு உறை கிழிந்திருப்பது, வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமிருப்பது. அப்பாவுக்கு ஓரம் சுத்தம் என்றால் கதிர் மட்டும் போதும் என்று சொல்ல வாய்ப்பு அதிகம்.

உறை விஷயத்தில் பேத்தாலஜிஸ்டுகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்ததா, உறையே அந்த இடத்தில் மெலிந்திருந்ததா என்று ஒரே ஸ்லைடை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வாதாடியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும், சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கையும் வாங்கி வேறு இடத்தில் காட்டலாம். அது உங்கள் உரிமை. அதற்காக யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிப்ரவரி 20

கதிர் மட்டும் என்று முடிவாகிவிட்டதா, சரி. இரண்டாவது கருத்து வாங்குவதானாலும் அதையும் இதையும் ஒன்றாக நகர்த்துங்கள். அறுவை நடந்து 6 வாரத்துக்குள் கதிர் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள், ஸ்லைடு ஊர் ஊராகச் சுற்றுவதற்காக அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வெயில் படாத இடத்தில், அது மெழுகு.

அப்பாவின் பல்லை யாராவது பார்த்தார்களா? எடுக்க வேண்டிய பல் இருந்தால் கதிருக்கு முன்பே எடுத்துப் புண் ஆற நாள் விட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் சங்கடம் தரும். நாளைக்கே ஒரு பல் டாக்டரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.